தட்டுமுட்டெல்லாம் கொட்டு

சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடித்ததும் நாங்கள் முந்நூறு பெண்களும் ஒரே வரிசையில் நிற்போம். வரிசையின் முனையில், கேட்டை ஒட்டி, தகரம் அடித்த ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் அவள். பையைத் திறந்து காட்டினால் அவளுக்குப் போதாது.

"தட்டுமுட்டெல்லாம் கொட்டுமே" என்பாள்.

கொட்டியாக வேண்டும். சீப்பு, சேஃப்டி பின், பாதி தேய்ந்த பொட்டு அட்டை, மாத்திரை, பஸ் டிக்கெட், காய்ந்த பூ, நைந்துபோன ஃபோட்டோ, மடித்து வைத்த சீட்டு. நம்மிடம் இத்தனை இருக்கிறது என்று நமக்கே அந்தத் தகரத்தில் விழும்போதுதான் தெரியும்.

எண்ணூர் ஹைரோட்டில், கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி அது. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புவார்கள். பட்டன், ஜிப், லேபிள், நூல்கண்டு என்று உள்ளிருந்து சின்னச் சின்ன சாமான் காணாமல் போகிறது என்பதால் இந்தச் சோதனை. ஆண்களுக்கு இன்னொரு வாசல். அங்கே வாட்ச்மேன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்களும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் செக்கிங்கக்கா. முதுகுக்குப் பின்னால் வாயில் வந்தது. ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. நீலப் புடவைமேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பாள். விழுந்த சாமான் எதையும் கையால் தொடமாட்டாள். ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தாள். அதன் நுனியால்தான் தள்ளுவாள், பிரிப்பாள், புரட்டுவாள்.

பட்டனையும் நூலையும் தேடத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் அவள் தேடியது வேறு. ஒருத்தியின் சீப்பை ஸ்கேலால் புரட்டிவிட்டு, "இதுல ரெண்டு தினுசு முடி கீது. நாத்தனார் வந்துகினாளா? வந்தவ போவமாட்டேங்குறாளா?" என்பாள். அந்தப் பெண் திகைத்து நிற்பாள், ஏனென்றால் அது உண்மையாக இருக்கும். இன்னொருத்தியின் பையில் உப்பு பிஸ்கட் பாக்கெட்டும் எலுமிச்சம்பழமும் விழுந்தால், "எத்தினி மாசம்?" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லாத செய்தி எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நாங்கள் சிரிப்போம். பத்து மணி நேரம் குனிந்து தைத்த முதுகை நிமிர்த்தி, விழுந்து விழுந்து சிரிப்போம். நம் பை வரும்வரை அது தினமும் ஓசியில் கிடைத்த வேடிக்கை. எனக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மீதி நான் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற கதீஜா என்று ஒரு பெண் இருந்தாள். அமைதியானவள். ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. ஸ்கேல் அதன்மேல் நின்றது.

"இது டீபி மாத்திரை தானே?"

கதீஜா அவசரமாக அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தண்ணீர் டிரம்மில் அவள் பிடித்த டம்ளரை ஒருத்தி காலால் தள்ளிவிட்டாள். ஒரு வாரம் பார்த்தாள் கதீஜா. பிறகு வேலைக்கு வரவில்லை.

எங்களில் இரண்டு பேர் செக்கிங்கக்காவிடம் போய், "இப்டி பண்ணிட்டீங்களேக்கா" என்றோம். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தாள்.

"இன்னா மாத்திரைன்னு சொன்னேன். ஒதுக்கி வையுங்கடின்னு நானா சொன்னேன்? டம்ளரை ஒதைச்சது எவ?"

டம்ளரை உதைத்தவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இருவரும் திரும்பி வந்துவிட்டோம்.

என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் புருஷன் கல்மண்டபத்தில் ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை செய்தவன். அடித்தான். அண்ணன் வந்து என்னைக் காலடிப்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போனான். இனிமேல் அவன் மூஞ்சியில் முழித்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணனே என்னைக் கூட்டி வந்தான். கேட்டில் செக்கிங்கக்காவிடம், "கல்மண்டபத்துல புருஷன் இருக்கான், அங்க போகக் கூடாது. இவ எப்போ வர்றா, எப்போ போறான்னு கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். வாரத்தில் ஒரு நாள், சீக்கிர ஷிஃப்ட் என்று பொய் சொல்லிவிட்டு, விடிந்ததும் கல்மண்டபத்துக்குப் போவேன். அவனுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு அங்கிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருவேன்.

ஒரு சாயங்காலம் என் பையிலிருந்து பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட் ஒன்று விழுந்தது. அவள் குனிந்து படித்தாள். கல்மண்டபம் என்று அச்சடித்திருந்தது. பின்னால் வரிசை காத்திருந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிக்கெட்டை ஸ்கேலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளிக் கீழே விழவிட்டாள். குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் பைல வச்சினு வருவாங்களா? கிழிச்சிப் போட்டுட்டு வா" என்றாள். அவ்வளவுதான். அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. கூடப் பிறந்தவள் மாதிரி தோன்றினாள். அடுத்த வாரம் அவளுக்கு வறுத்த வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து, ஸ்கேலால் என் சாமானைத் தள்ளிக்கொண்டே, "அண்ணன் சௌக்கியமா?" என்றாள். அதன் பிறகு அடிக்கடி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்பாள். ஒவ்வொரு முறையும் நான் சாமானை அவசரமாக அள்ளிப் பையில் போட்டுக்கொள்வேன்.

இடையில் ஒரு புது மேனேஜர் வந்தார். செக்யூரிட்டிக்காரர்கள் பையையும் எல்லார் முன்னாலும் சோதிக்க வேண்டும் என்றார். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்குப் போகாமல் கேட்டிலேயே நின்றோம். அவள் தன் பையை எடுத்து வந்து, அதே தகரத்தில், தானே கவிழ்த்தாள். ஒரு சாவி விழுந்தது. ஒரு கைக்குட்டை விழுந்தது. பையை உள்வெளியாகத் திருப்பி உதறிக் காட்டினாள். வேறு ஒன்றும் இல்லை. ஒரு ஊக்குகூட இல்லை.

"வச்சினு இருக்கறவ தான் மாட்டுவா" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கடலோரக் குப்பத்தில் இருந்தவள், ஒரு மழைக்காலத்தில் அலை வந்து வீட்டை வாரிக்கொண்டு போய்விட்டது, கட்டிய புடவையோடு ரோட்டுக்கு வந்தவள் என்று ஒருத்தி சொன்னாள். இருக்கலாம். அதனால்தான் அவள் அப்படி ஆனாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கரையில் அப்படி வீடு போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களெல்லாம் அடுத்தவள் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கவில்லை.

இனி தேவகி.

நான் பட்டன் மெஷினில் இருந்தேன். தேவகி எனக்கு எதிரே உட்கார்ந்து தைத்த சட்டையில் பிசிறு நூல் வெட்டுவாள். குப்பத்துப் பெண். புருஷன் மீன்பிடி லாஞ்சில் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். இவர்களுக்கு ஒரே பையன். ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது ஜுரத்தில் போய்விட்டான். அது நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளாக அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள்.

போகிக்கு நாலைந்து நாள் இருந்தது. தேவகியின் மாமியார் வெள்ளையடிக்கிறேன் என்று வீட்டிலிருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, எரிப்பதற்கு ஒரு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாளாம். பையனின் சட்டையை அதற்கு முன்பே யாருக்கோ கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முந்தின ராத்திரி தேவகி அதன் பட்டன்களை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள். இப்போது அந்த டப்பாவும் மூட்டைக்குள் போய்விடும் என்று பயந்து, பையில் போட்டு வேலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். காலையில் செல்ஃபோன் மட்டும் பார்த்து உள்ளே விட்டார்கள். சாயங்காலம் மேஜையில் டப்பா விழுந்து மூடி திறந்துகொண்டது.

ஒரு குட்டிக் கொலுசு. சாக்பீஸ் துண்டு. ஒற்றை சாக்ஸ். ஆறு வெள்ளைப் பட்டன்.

ஸ்கேல் மற்றதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கியது.

"ஆறு" என்றாள் செக்கிங்கக்கா.

"எம் புள்ளையுதுக்கா. ஸ்கூல் சட்டையில இருந்தது."

"சட்டை எங்க?"

"சட்டை இல்லக்கா. குடுத்துட்டாங்க."

"புள்ளையும் இல்ல, சட்டையும் இல்ல. பட்டன் மட்டும் இன்னாத்துக்குமே? எங்க கொண்டு போய் மாட்டப் போறே?"

சொல்லிவிட்டு எப்போதும் போலக் கொஞ்சம் நிறுத்தினாள். அவள் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் சிரித்துப் பழகியிருந்தோம். வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு சிரிப்பு. அது என் வாயிலிருந்து வந்தது. தேவகி திரும்பி, யார் என்று தேடி, என்னைப் பார்த்தாள்.

தேவகியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பட்டனோடு என்னை மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். பட்டன் மெஷின்காரிக்குத் தெரியாதா என்று. மேனேஜர் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, "இது நம்மளுதா? பழைய ஆர்டர்ல இப்படித்தானே வந்துச்சு?" என்றார்.

கையில் வாங்கினேன். தினமும் ஆயிரக்கணக்கில் பட்டன் தைக்கிற விரல் இது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். எங்கள் பட்டனைவிட மெலிசு. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியது. கம்பெனி சரக்கே இல்லை.

"நல்லா பாத்து சொல்லுமே" என்றாள் செக்கிங்கக்கா. "நேத்துகூட உங்க அண்ணன் ஃபோன் பண்ணாரு. தங்கச்சி ஒழுங்கா வர்றாளான்னு கேட்டுகினாரு."

"தெரியல சார்" என்றேன். "நம்மளுது மாதிரியும் கீது."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு ஃபோனுக்குத் திரும்பினார். தேவகிக்கு வேலை போய்விட்டது.

மறுநாள் காலை தேவகி கேட்டில் நின்றாள். அதற்கு அடுத்த நாளும், மூன்றாம் நாளும். நாங்கள் உள்ளே போகும்போது நிற்பாள். மதியம் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் லாரிகளுக்கு நடுவே, புழுதியில், நின்றுகொண்டிருப்பாள். சத்தம் போடவில்லை. ஒரே பேச்சுதான்.

"வேலை வேணாங்கா. கொலுசைக் குடுத்தீங்க. அந்தப் பட்டனையும் குடுத்துடுங்க."

"அது குப்பைக்குப் போயிடுச்சு" என்றாள் செக்கிங்கக்கா. "ஆறு பட்டனு. தட்டுமுட்டுக்குப் போய் இப்டி உயிரை வுடறியே."

மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் செக்கிங்கக்காவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டாள். "நிக்காத. உக்காந்து கேளு" என்றாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் கழிவுச் சாக்கு ஒன்று கட்டி நிறுத்தியிருக்கும். தரையில் கூட்டி அள்ளுகிற துணி வெட்டு, உடைந்த பட்டன், நூல் எல்லாம் அதில் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்துத் தேடினேன். வெள்ளைப் பட்டன் அள்ள அள்ள வந்தது. நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் செக்கிங்கக்கா.

"இன்னா தேடறே? அவளுதையா?" என்றாள். அவளுக்குக் கோபமில்லை. "ஏதாவது ஒரு ஆறு பட்டன் எடுத்துக் குடு. அவளுக்கு இன்னா தெரியப்போவுது? சாயந்தரம் உம் பையை நான் பாக்கல."

எடுத்தேன். பெயர் எழுத்துப் பொறிக்காத, பழைய, மெலிசான பட்டனாகப் பார்த்துப் பொறுக்கினேன். சொன்னபடியே சாயங்காலம் என் பையைக் கொட்டச் சொல்லாமல் விட்டாள்.

பொங்கல் லீவில், மாட்டுப்பொங்கலன்று, தேவகி வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. அவள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் காகிதத்தைப் பிரித்து, "சாக்குல தேடி எடுத்தேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆறையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒன்று ஒன்றாக எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள். ஆறாவதையும் தடவி முடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இது இல்ல."

"எப்டி சொல்றே? எல்லாம் ஒரே மாதிரி தானே கீது."

"மேல் பட்டனை எப்பவும் வாயில வச்சி கடிச்சினே இருப்பான். எழுதும்போது, டிவி பாக்கும்போது. எத்தினி அடிச்சாலும் வுடமாட்டான். ரெண்டு பல்லு பதிஞ்சி இருக்கும்." உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். "இதுல அவன் பல்லு இல்ல."

அவள் அந்தக் காகிதத்திலேயே பட்டன்களை வைத்து மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்த எடத்துலயே போட்டுடு. உம் பைல பாத்தாங்கன்னா உன்னையும் வெளிய அனுப்பிச்சிடுவாங்க."

எழுந்தேன். வாசல்வரை வந்தவள் கேட்டாள்: "அன்னிக்கு சிரிச்சது நீதானே?"

"ஆமா."

"இன்னாத்துக்கு சிரிச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை மணி அடிப்பதற்கு அரைமணி முன்பே போனேன். செக்கிங்கக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பல் விஷயத்தைச் சொன்னேன். அவளை நோகடிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேஜை டிராயரை இழுத்தாள். பின் அடித்த ஒரு காகிதக் கவரை எடுத்தாள். மேலே தேவகி பெயரும் தேதியும் செக்கிங்கக்காவின் கையெழுத்தில் இருந்தன. அவை குப்பைக்கே போகவில்லை. மேனேஜர் கேட்டால் காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

கவரைப் பிரித்துத் தகரத்தில் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டி ட்யூப்லைட்டுக்குக் காட்டினாள். நாலாவது பட்டனில் கை நின்றது. எனக்கும் தெரிந்தது. விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் குழி.

"கீதுக்கா" என்றேன்.

"ம். கீது."

அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். அவள் கண்ணைப் பார்த்து, கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"குடுங்கக்கா. நானே சாயந்தரம் போய் குடுத்துட்டு வர்றேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அவ சொல்லுவா" என்றாள். "இதைக் காட்டி கேப்பா. பல்லு கீதே, இது எப்டி கம்பெனி பட்டனுன்னு கேப்பா. அவ திருடலன்னா, நான் இன்னா? தெரியலன்னு சொன்னியே, நீ இன்னா?"

ஆறு பட்டனையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கழிவுச் சாக்குப் பக்கம் போனாள். கட்டை அவிழ்த்துப் போட்டாள். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு, மாவு பிசைகிற மாதிரி கலந்தாள். சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினாள். கையில் ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டுக்கொண்டாள்.

"போ. மணி அடிச்சிட்டாங்க" என்றாள்.

போனேன். எதிரே தேவகியின் இடத்தில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணி வாக்கில், கழிவு எடுக்கிற டெம்போ கேட்டுக்குள் ரிவர்ஸில் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினால் சாக்கைப் பிடித்துவிடலாம். எப்படிப்பட்ட பட்டன் என்று இப்போது எனக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, வண்டி ரோட்டில் ஏறுகிற சத்தமும் கேட்டது. என் கால் மெஷின் மிதியிலிருந்து எழும்பவில்லை. அன்றைக்கு நான் டார்கெட்டுக்கு மேலேயே தைத்தேன்.